ஏட்டில் உறங்கிய திருப்பாடல் நாடகம்

திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலின் சங்கீத மண்டபத்தை நம்மில் அறியாதார் யார்? விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387-ஆம் ஆண்டில் கட்டுவித்த மண்டபம் அது. அதன் விதானத்தில் தீர்த்தங்கரர்களின் வரலாறு வண்ண ஓவியங்களாகத் திகழ்கிறது. அவற்றில் ஆடுவோரும் உண்டு. வாத்தியம் இசைப்போரும் உண்டு. ஆனால் அவர்கள் இசைத்த பண் எதுவென்று இன்று எவராலும் சொல்ல இயலாது. ஓவியம் நின்றது, ஒலி மறைந்தது.

இசையின் இயல்பே அது. காப்பார் இல்லையெனில் ஒரே தலைமுறையில் மறைந்துவிடும். அவ்வாறு மறைந்ததென எண்ணப்பட்ட ஒரு கத்தோலிக்கத் திருப்பாடல் நாடகம், இரு நூற்றாண்டுகளுக்குப் பின் மீண்டும் உயிர்பெற்றது. நம் தமிழகத்து விசுவாசத்தோடும் தொடர்புடைய அந்த வரலாற்றை இந்த ஜூபிலி மலரில் பங்கு மக்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பதினாறாம் நூற்றாண்டில் உரோமை நகரில் வாழ்ந்த புனித பிலிப் நேரியார், மக்களைச் செபக்கூடத்தில் கூட்டி, செபத்தோடும் மறையுரையோடும் பக்திப் பாடல்களையும் பாடச் செய்தார். அச்செபக்கூடத்திற்கு 'ஒரத்தோரியோ' என்று பெயர். நாளடைவில், வேதாகமக் கதையையோ புனிதர் சரித்திரத்தையோ தனிக்குரல்களும் பாடற்குழுவும் வாத்தியங்களுடன் பாடி உரைக்கும் இசை வடிவத்திற்கும் அப்பெயரே நிலைத்தது. பெரும்பாலும் வேடமோ நடிப்போ அதில் இராது. பாட்டே கதையை நடத்திச் செல்லும்.

இத்தகைய இசையில் தேர்ந்தவர் தொமேனிக்கோ சிப்போலி. 1688-இல் இத்தாலியிலுள்ள பிராத்தோ நகரில் பிறந்த இவர், உரோமையில் சேசு சபையாரின் பேராலயத்தில் ஆர்கன் வாசித்தவர். பேரும் புகழும் கைகூடிய வேளையில் அவற்றைத் துறந்து, 1716-இல் அச்சபையில் சேர்ந்து, மறுஆண்டு தென் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். குருப்பட்டம் பெறும் முன்பே 1726-இல் இறைவனடி சேர்ந்தார். உரோமையில் அவர் இயற்றிய ஒரத்தோரியோக்களின் இசை தொலைந்து போயிற்று. ஆயினும் அவருடைய பாடல்கள் இன்றைய பொலிவியா நாட்டின் சிக்கித்தோஸ் என்னும் காட்டுப்பகுதி மறைத்தளங்களை எட்டின.

அங்கே மார்ட்டின் ஷ்மிட் என்ற சுவிட்சர்லாந்து நாட்டுச் சேசு சபைக் குரு, பழங்குடி மக்களோடு சேர்ந்து மரத்தாலான எழில்மிகு ஆலயங்களை எழுப்பினார்; வயலின் முதலிய வாத்தியங்களைச் செய்யவும் வாசிக்கவும் கற்பித்தார். சிப்போலி, ஷ்மிட் ஆகியோரின் இசையைக் கொண்டு 'புனித இஞ்ஞாசியார்' என்னும் பாடல் நாடகம் அம்மக்களிடையே வழங்கி வந்தது. ஒரத்தோரியோவின் நெருங்கிய உறவு என்றே அதைச் சொல்லலாம். அதன் முதற் பாகத்தில் இஞ்ஞாசியார் இறை அழைப்புக்குச் செவிசாய்த்துச் சோதனைகளை வெல்கிறார். இரண்டாம் பாகத்தில் தம் அருமை நண்பர் சவேரியாரைக் கீழ்த்திசைக்கு அனுப்பி விடைகொடுக்கிறார்.

அந்தச் சவேரியார் வந்தடைந்தது எங்கே? 1542-இல் நமது முத்துக்குளித்துறைக் கரைக்கன்றோ! கையில் மணியோடு தெருத்தெருவாய்ச் சென்று, தமிழில் செபங்களைக் கற்பித்த அதே சவேரியாரின் பிரிவைத்தான் உலகின் மறுகோடியில் அம்மக்கள் பாடினார்கள்.

1767-இல் ஸ்பெயின் மன்னரின் ஆணையால் சேசு சபையினர் அங்கிருந்து வெளியேற்றப்பட்டனர். கற்பித்தவர்கள் போய்விட்டார்கள். ஆனால் பழங்குடிப் பாடற்குழுத் தலைவர்கள் பாட்டைக் கைவிடவில்லை. ஏடு கிழிந்தபோது நகல் எடுத்தார்கள், பிள்ளைகளுக்குப் பயிற்றுவித்தார்கள். 1972-இல் அவ்வாலயங்களைப் புதுப்பிக்கும் பணியைத் தொடங்கிய ஹான்ஸ் ரோத் என்ற சுவிஸ் கட்டடக்கலைஞரின் முயற்சியால் 5,000-க்கும் மேற்பட்ட இசை ஏட்டுப் பக்கங்கள் வெளிச்சத்திற்கு வந்தன.

சிதறிக் கிடந்த ஏடுகளைப் பெர்னார்தோ இல்லாரி என்ற ஆய்வாளர் ஒப்புநோக்கி ஒழுங்குபடுத்தினார். காப்ரியேல் காரிதோவின் 'எலிமா' இசைக்குழு அந்நாடகத்தை அக்கால முறையிலான வாத்தியங்களைக் கொண்டே இசைத்தது. 1996-இல் அது ஒலித்தட்டாகவும் வெளிவந்தது. அதே ஆண்டு முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை சிக்கித்தோஸ் ஆலயங்களில் இசைவிழாவும் நடந்து வருகிறது.

பழைய வாத்தியமே வேண்டுமா என்று கேட்கலாம். அக்கால வயலினுக்கு எஃகுக் கம்பியன்று, விலங்கின் குடலில் திரித்த நரம்பே பூட்டுவார்கள். அதன் நாதம் மென்மையானது; பாடுவோரின் சொல்லை அமுக்காது. தறியை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோர்வைச் சேலையின் நிறத்தையும் புட்டாவையும் விசைத்தறியில் அப்படியே கொண்டுவரலாம். உடலும் கரையும் இழையோடு இழை பின்னும் அந்தக் கோர்வை அதில் வருமா?

இனி நம்மிடம் வருவோம். பிலிப் நேரியாரின் ஒழுங்கைப் பின்பற்றிக் கோவாவில் தோன்றிய ஒரத்தோரியச் சபை, இலங்கைக்குப் புனித யோசேப் வாஸ் அடிகளாரையும், 1705-இல் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரையும் தந்தது. கொன்சால்வெஸ் அடிகளார் நமக்கு அளித்த கொடையே 'வியாகுலப் பிரசங்கம்'. ஆண்டவரின் பாடுகளை உருகி உருகி ஓதும் அந்த நூல், இலங்கையிலும் தமிழகத்திலும் தவக்காலந்தோறும் கண்ணீரோடு கேட்கப்பட்டது. ஒரத்தோரியோ பிறந்த அதே செபக்கூடத்து மரபின் தமிழ்க் கிளை அது என்றால் மிகையாகாது.

நூல் அச்சில் இருக்கிறது. ஆனால் அதை இழுத்து ஓதும் இராகம் எந்த அச்சிலும் இல்லை; முதியோரின் தொண்டையில்தான் இருக்கிறது. சிக்கித்தோஸ் மக்களிடம் இசை ஏடாவது எஞ்சியது. நம் பெரியவர்கள் கண்மூடினால் நமக்கு எஞ்சுவது எழுத்து மட்டுமே.

ஆகவே, ஜூபிலியின் நினைவாக ஒரு காரியம் செய்வோம். அந்த இராகம் தெரிந்த பெரியவர்களைத் தேடிச் சென்று, அவர்கள் பாடுவதைப் பதிவு செய்வோம். அத்தோடு நின்றுவிடாமல், வரும் தவக்காலத்தில் இளைஞர் இருவரையாவது அவர்கள் அருகில் அமர்த்திப் பழகச் செய்வோம். இசை ஏட்டைக் காத்தது பெட்டியன்று. நகல் எடுத்த கையும் விடாது பாடிய குரலுமே. அக்குரல் நம் ஆலயத்திலும் ஓயாதிருக்க இறைவன் அருள்புரிவாராக!