கார்த்திகை ஈரம்

அடையாற்றில் வெள்ளம் வந்தால் சைதாப்பேட்டைத் தச்சனுக்குப் பொங்கல்வரை வேலை ஓயாது. 1943 வெள்ளத்தைப் பற்றித் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். 1985 நவம்பரில் நானே அப்பாவோடு உளிப்பெட்டியைச் சுமந்துகொண்டு தெருத்தெருவாகப் போனேன்.

அப்பா காயவைப்பதற்கு முன்னால் கழுவச் சொல்வார். சாக்கடை கலந்த சேறு மர இழைக்குள் காய்ந்து இறுகினால் இழைப்புளியின் வாய் மழுங்கிவிடும். நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவிய பிறகு பீரோவின் இழுப்பறைகளை உருவி, கதவைக் கழற்றி, கால்களுக்குச் செங்கல் கொடுத்து, காற்றாடும் நிழலில் நிறுத்துவார். "வெயில் வந்துடுச்சு, மொட்டை மாடியில போடுங்க மேஸ்திரி" என்று அவசரப்படும் வீட்டுக்காரர்களோடு ஓயாத வாக்குவாதம். மேல்புறம் சட்டெனக் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும், பலகை வெடித்துவிடும். ஒரு பக்கம் மட்டும் வெயில் பட்டால் வளைந்துபோகும். கார்த்திகையில் வெயிலே அபூர்வம், காற்றிலும் ஈரம். தடித்த தேக்குப் பலகை காய்வதற்குள் மார்கழி முடிந்துவிடும்.

தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வஜ்ஜிரத்தால் ஒட்டிய பழைய நாற்காலிகள், ஊறியதும் மூட்டுவிட்டுத் தனித்தனியாகக் கழன்று வரும். வீட்டம்மா அழுதேவிடுவார். எங்களுக்கோ அது சௌகரியம்: காயவைத்து, புது வஜ்ஜிரத்தைச் சூடாகத் தடவி, திரும்பப் பூட்டிவிடலாம். மெத்தைக்கும் அப்படித்தான். உறையைப் பிரித்து, பஞ்சைக் காயவைத்து, வில்லால் கொட்டுகிறவர் வந்து கொட்டிப் போவார். சுண்ணாம்புச் சுவர் தன்பாட்டில் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். சிமென்ட் பூசி எனாமல் அடித்த சுவரில்தான் தொல்லை. பெயின்ட் கொப்பளிக்கும், உப்புப் பூக்கும். சுரண்டி எடுத்து மாதக்கணக்கில் ஆறவிடாமல் மேலேயே அடித்தவர்கள் மறுபடி அடித்தார்கள்.

2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்ததாக அரசு சொன்னது. தண்ணீர் வடிந்ததும் அழைப்புகள் வந்தன. போய்ப் பார்த்தால் பழுது பார்க்க ஒன்றுமில்லை. மரத்தூளைப் பசையில் குழைத்து அழுத்திய பார்ட்டிகிள் போர்டு அலமாரிகள் டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி உப்பி உதிர்ந்தன. அது காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது, ஆணி நிற்காது. மலிவு ப்ளைவுட் ஏடு ஏடாக உரிந்தது. மரைன் ப்ளை பிழைத்தது, ஆனால் எத்தனை வீட்டில் அது இருந்தது? ஃபோம் மெத்தையைப் பிரித்துக் கொட்டும் தொழில் கிடையாது, குப்பைதான். தெருமுனைகளில் ஆளுயரத்துக்குக் குவிந்தது.

கிடைத்த வேலை பழைய வீடுகளில்தான்: வீங்கி நிலையில் இறுகிய தேக்குக் கதவுகள். அவசரப்பட்டு ஓரத்தை இழைக்கச் சொல்வார்கள். நான் மாட்டேன் என்பேன். தை பிறந்து காய்ந்ததும் கதவு தானே சுருங்கும். இப்போது இழைத்தால் அப்போது விரற்கடை இடைவெளி தெரியும்.

அதன் பிறகு கீழ்த்தளத்துக்காரர்கள் பிவிசி அலமாரியே கேட்கிறார்கள். நனைந்தால் துடைத்துவிடலாம், சரிதான். ஆனால் உள்ளே பொள்ளல். கீலுக்கு அடித்த திருகாணி சீக்கிரமே ஆட்டம் காண்கிறது. அதை மாட்டித் தரத்தான் இப்போது என்னைக் கூப்பிடுகிறார்கள்.