கையும் கருவியும்

மின் கிற்றார் வாங்க விரும்பும் மாணவர் இன்று கிளிநொச்சியிலும் உளர்; முல்லைத்தீவிலும் உளர். றொக், மெற்றல் ஆகிய இசைவகைகளில் நாட்டங் கொண்ட அவர்கள், பெண்டர் சிறந்ததா, கிப்சன் சிறந்ததா என்று தம்முள் வாதிடுகின்றனர். இவ்வாதத்தைச் செல்வர் வீட்டுப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும், இக்கருவி யாருடைய தேவையினாற் பிறந்தது, யாருடைய கைகளில் வளர்ந்தது என்பதை அறிந்தவர்க்கு அவ்வாறு ஒதுக்க மனம் வராது.

கருவியின் அடிப்படை எளியது. காந்தத்தின் அருகே உருக்குக் கம்பி அதிரும்போது, காந்தத்தைச் சுற்றியுள்ள செப்புச் சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. மைக்கேல் பரடே 1831இல் கண்ட தூண்டல் விதி இதுவே. ஒரு நூற்றாண்டு கழித்து, 1930களின் தொடக்கத்தில், ஜோர்ஜ் போஷாம், அடோல்ப் ரிக்கன்பேக்கர் ஆகிய இருவரும் அமெரிக்காவில் அவ்விதியைக் கிற்றாருக்குப் பொருத்தினர். நடனக் குழுக்களின் ஊதுகருவி முழக்கத்தில் கிற்றாரின் மெல்லொலி அமிழ்ந்து போனமையே அதற்குக் காரணம்.

இவ்விதி வன்னி மக்களுக்குப் புதியதன்று. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்கள் மின்சாரத்தை இழந்தனர். பொருளாதாரத் தடை பற்றரியையும் அரும்பொருளாக்கிற்று. அந்நாளில் சைக்கிள் மிதியைக் கையாற் சுற்றி, டைனமோ தந்த மின்னில் வானொலி கேட்டவர் நம்மவர். அங்கே சுழன்றது காந்தம். கிற்றாரில் அதிர்வது கம்பி. விதி ஒன்றே. 2009இல் போர் முடிந்த பின்னரே தேசிய மின்வலையமைப்பு அம்மக்களின் வீடுகளுக்கு மீண்டும் வரலாயிற்று. விதியைக் கையாலே அறிந்த ஒரு தலைமுறை, அவ்விதியிற் பிறந்த இசைக்கருவியைத் தொடும் வாய்ப்பின்றியே வளர்ந்தது.

கடல் கடந்த நாட்டிலும் இக்கருவியை உயர்த்தியவர் உழைக்கும் மக்களே. மிசிசிப்பியின் பருத்தித் தோட்டத்தில் உழைத்த கறுப்பினப் பாடகர் மடி வாட்டர்ஸ் 1943இல் சிக்காகோவுக்குக் குடிபெயர்ந்தார். அந்நகரின் மதுக்கடை இரைச்சலில் மரக் கிற்றார் எவர் செவியிலும் விழவில்லை. அவர் மின் கிற்றாரை ஏந்தினார். றொக் இசையின் ஊற்றுக்களில் அது முதன்மையானது.

வானொலி திருத்தும் தொழில் செய்த லியோ பெண்டர், 1950இல் உட்குடைவற்ற கிற்றாரைச் சந்தைக்குக் கொணர்ந்தார். கழுத்தை உடலோடு திருகாணிகளாற் பிணைத்தமையால், பழுதுற்றாற் கழற்றி மாற்றல் எளிதாயிற்று. 1952இல் கிப்சன் நிறுவனத்தின் லெஸ் போல் வந்தது. அதன் கழுத்து ஒட்டப்பட்டது. பெண்டரின் ஒற்றைச் சுருள் கூரிய தெளிந்த ஒலி தரும். ஆனால் சுற்றியுள்ள மின்கம்பிகளின் இரைச்சலையும் வாங்கிக்கொள்ளும். கிப்சனின் பொறியியலாளர் சேத் லவர், 1955இல் இரு சுருள்களை எதிரெதிராக இணைத்து அவ்விரைச்சலை அடக்கினார். ஹம்பக்கர் எனும் அவ்விரட்டைச் சுருளின் வலிய மின்னோட்டம் ஒலிபெருக்கியைத் திணறடித்துத் தடித்த உறுமலை எழுப்பும். மெற்றல் வாசிப்போர் அதனை நாடுவது இதனாலேயே.

அம்மெற்றல் பிறந்த கதையோ ஒரு தொழிற்சாலை விபத்தின் கதை. 1965இல், இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரில், தகட்டு ஆலையொன்றில் வேலை செய்த பதினேழு வயது டோனி அயோமி, தம் வலக்கையின் இரு விரல் நுனிகளை இயந்திரத்துக்குப் பலிகொடுத்தார். இடக்கைப் பழக்கமுடைய அவருக்குக் கம்பியை அழுத்தும் கை அதுவே. அவர் ஓயவில்லை. பிளாஸ்டிக் போத்தலை உருக்கி, தோல் ஒட்டி, விரற்கவசம் செய்தார். மெல்லிய கம்பிகளைப் பூட்டினார். பின்னர் சுருதியைத் தாழ்த்திக் கம்பிகளைத் தளர்த்தினார். 1970இல் முதல் இசைத்தட்டை வெளியிட்ட பிளாக் சபாத் குழுவின் கனத்த ஓசை, அக்காயமுற்ற கையின் ஓசையன்றோ!

போரில் விரலிழந்தோரும் கையிழந்தோரும் வாழும் மண்ணில் நின்று நாம் இதனைக் கூறுகிறோம். கருவிக்கு ஏற்பக் கை வளைய வேண்டும் என்பது வணிகரின் நியதி. கைக்கு ஏற்பக் கருவி வளைய வேண்டும் என்பதே வரலாறு தரும் பாடம்.

ஆதலின், கடன்பட்டுக் கருவி வாங்கும் குடும்பத்து மாணவர், தலைப்பலகையிற் பொறித்த பெயருக்கு விலை கொடுத்தல் வேண்டா. பெண்டரின் கம்பி நீளம் 25.5 அங்குலம், கிப்சனின் நீளம் ஏறக்குறைய 24.75 அங்குலம். நீளம் குறைந்தால் அதே சுருதியிற் கம்பி சற்றே இளகும். நொந்த விரலுக்கு அது உதவி. மெற்றலுக்கு இரட்டைச் சுருள் போதும். பலவகை இசைக்கு இரண்டும் கலந்த கருவி நன்று. கம்பியிழுக்கும் நெம்புகோல் இல்லாத நிலைத்த பாலம் தொடக்கத்திற் சுருதி காக்கும். ஒலிபெருக்கிக்கும் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்குக.

கூத்துக்கு மத்தளம் வாங்கும் அண்ணாவியார் செய்தவன் பெயரைக் கேட்டு வாங்குவதில்லை. தட்டிப் பார்த்தே வாங்குவார். அவ்வறிவு நம்மிடம் ஏற்கெனவே உண்டு. புதிய கருவிக்கும் அதுவே அளவுகோலாகட்டும்.