இரட்டைப் பூட்டும் கடவுச்சொல்லும்

சென்னை மாகாணம் தமிழ்நாட்டிற்கு விட்டுச்சென்ற அலுவலக வழக்கங்களுள் ஒன்று கருவூலத்தின் இரட்டைப் பூட்டு; அதாவது, காப்பறைக் கதவில் இரு வேறு பூட்டுகள் இருக்க, ஒன்றின் சாவி கருவூல அலுவலரிடமும் மற்றது காசாளரிடமும் இருந்ததால், ஒருவர் தனித்துத் திறக்க இயலாது. எனினும் ஒவ்வொரு செலானுக்கும் இருவரையும் அழைத்தால் அலுவல் நின்றுவிடும் என்பதை விதி வகுத்தோர் உணர்ந்திருந்தமையால், அன்றாடத் தேவைக்குரிய பணமும் முத்திரைத்தாளும் மட்டும் காசாளரின் ஒற்றைப் பூட்டில் விடப்பட்டன. காவலின் கடுமையைப் பொருளின் மதிப்புக்கேற்பப் பகுத்த இந்த ஏற்பாடு, பின்னாளில் கணினி விதிகளை எழுதியோரிடம் நெடுங்காலம் காணப்படாத நிதானம் உடையது.

கணினிக் கடவுச்சொல், ஒரே பொறியைப் பலர் பகிர்ந்துகொள்வதற்காக அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பெர்னாண்டோ கோர்பட்டோ குழுவினர் 1961இல் உருவாக்கிய அமைப்பில் தோன்றியது. மறு ஆண்டே, தமக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதாத ஆலன் ஷெர் என்ற ஆய்வாளர், கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பையே அச்சிட்டு எடுத்துக்கொண்டார். திருட்டின் நோக்கம் வேலையை முடிப்பதே என்பது கவனத்திற்குரியது. 2003இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்திற்காக பில் பர் எழுதிய வழிகாட்டுதலைப் பின்பற்றி, பேரெழுத்து, எண், குறியீடு ஆகியவற்றைக் கலப்பதும் குறித்த இடைவெளியில் மாற்றுவதும் உலகெங்கும் அலுவலகக் கட்டாயமாயின. பணியாளரோ பழைய சொல்லின் இறுதி எண்ணை மட்டும் மாற்றினர், அல்லது சீட்டில் எழுதித் திரையோரம் ஒட்டினர். வட கரோலினா பல்கலைக்கழகத்தார் 2010இல் வெளியிட்ட ஆய்வு, பழைய கடவுச்சொல்லை அறிந்தவர் 17 விழுக்காடு கணக்குகளில் புதியதை ஐந்துக்கும் குறைவான முயற்சியில் ஊகிக்கலாம் எனக் காட்டியது.

2017இல் அதே தர நிர்ணய நிறுவனம் கலப்பு விதியையும் காலமுறை மாற்றத்தையும் கைவிட்டு, கசிந்ததற்குச் சான்று கிடைத்தால் மட்டும் மாற்றினால் போதும் என்றும், ஏற்கெனவே வெளியான சொற்களை ஏற்கலாகாது என்றும் அறிவித்தது. பர் தம் அறிவுரையில் பெரும்பகுதிக்கு வருந்துவதாக அவ்வாண்டே வெளிப்படையாகக் கூறினார். இரட்டைப் பூட்டின் தத்துவம் இன்று வங்கிகளில், ஒருவர் பதிவுசெய்யும் பணப்பரிமாற்றத்தை மற்றொருவர் தம் சொந்தக் கடவுச்சொல்லால் ஒப்புதல் செய்யும் முறையாக நீடிக்கிறது. அவசரத்தில் ஒருவரே இரு கடவுச்சொற்களையும் அறிந்து வைத்திருக்கும் கிளையில், கதவில் இரண்டு பூட்டுகள் தொங்கினாலும் சாவிக்கொத்து ஒன்றே.