எல்லைப்புறத்தின் மூன்று விழாக்கள்

மலை நாட்டைப் பிரிக்கும். கணவாய் நாட்டை இணைக்கும். மேற்குத் தொடர்ச்சி மலை நெடுஞ்சுவராய் ஓங்கி நிற்க, அச்சுவரில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்திற்கு இயற்கை திறந்துவைத்த வாயிலே பாலக்காட்டுக் கணவாய். கொங்கு நாட்டு வணிகரும் படையும் கலையும் இவ்வாயில் வழியே மேற்கு நோக்கிச் சென்றன. 1862ஆம் ஆண்டளவில் புகைவண்டிப் பாதையும் இவ்வழியையே நாடிற்று. தெற்கே இடுக்கிப் பகுதியிலோ இத்தகைய அகன்ற வாயில் இல்லை. ஏற்றமும் காடுமே ஆங்கு வழி. இவ்விரு எல்லைப்புறங்களிலும் பருவந்தவறாது நிகழும் மூன்று விழாக்களின் வரலாற்றை இம்மலரில் எடுத்துரைக்க விழைகின்றோம். வந்தேறிய மண்ணில் சங்கம் கண்டு வாழும் நமக்கு அவ்வரலாறு புறக்கதையன்று. நம் கதையே ஆகும்.

முதலாவது, கல்பாத்தித் தேர்விழா. ஐப்பசித் திங்களின் இறுதி நாட்களில் இது நிகழ்வது. மாயவரத்து வழிவந்த இலட்சுமி அம்மாள் என்னும் மூதாட்டி காசியினின்று சிவலிங்கம் ஒன்றைக் கொணர்ந்தார் என்றும், பாலக்காட்டு மன்னர் இட்டிக்கோம்பி அச்சனின் இசைவு பெற்று 1425ஆம் ஆண்டளவில் ஆற்றங்கரையில் விசுவநாதர் கோயில் எழுந்தது என்றும் கோயில் வரலாறு கூறும். ‘காசியில் பாதி கல்பாத்தி’ என்னும் முதுமொழியும் அதனால் பிறந்ததே.

இவ்விழாவின் காலத்தைச் சற்றே நோக்குவோம். ஐப்பசி முழுவதும் மாயவரத்தில் காவிரியில் துலா நீராட்டு நிகழும். திங்களின் இறுதி நாள் கடைமுழுக்கு. அதே நாட்களில்தான் கல்பாத்தியில் தேர் ஓடுகின்றது. பிறந்த ஊரை விட்டுப் பெயர்ந்தோர் காவிரியைத் தம்மோடு எடுத்துவர இயலவில்லை. ஆயின் காவிரியின் நாளை எடுத்து வந்தனர். அந்நாள் வழிவழியாகப் போற்றப்பட்டு வருகின்றது. விசுவநாதர், விநாயகர், முருகன் ஆகியோரின் தேர்களோடு, பழைய கல்பாத்தி, புதிய கல்பாத்தி, சாத்தபுரம் ஆகிய கிராமங்களின் தேர்களும் உலா வரும். மக்கள் வடம் பற்றி இழுக்க, யானை பின்னின்று நெற்றியால் உந்தும். தஞ்சைத் தேரும் மலையாளத்து யானையும் ஒருங்கிணைந்த காட்சி அது! விழாவையொட்டி இசையரங்கும் உண்டு. செம்பை வைத்தியநாத பாகவதரையும் மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரையும் உலகிற்கு ஈந்த மண்ணில் இசையின்றி விழா ஏது?

பெருமையை மட்டும் எழுதினால் அது வரலாறு ஆகாது. 1924ஆம் ஆண்டு பொதுச் சாலைகள் யாவர்க்கும் உரியவை என்று சென்னை அரசாங்கம் ஆணை பிறப்பித்தது. அவ்வாண்டுத் தேர்விழாவின்போது கல்பாத்தித் தெருவில் நடந்த ஈழவ மக்கள் தாக்கப்பட்டனர். வைக்கத்தில் தெருவுரிமைக்காக அறப்போர் நிகழ்ந்த அதே ஆண்டு அது. மாயவரத்தில் கார்த்திகை முதல் நாளை முடவன் முழுக்கு என்பர். கால் இயலாத ஒருவன் கடைமுழுக்கு முடிந்தபின் வந்து வருந்த, இறைவன் அவனுக்காக ஒரு நாளை நீட்டித்தான் என்பது கதை. காவிரியின் நாளைச் சுமந்து வந்தோர் அக்கதையின் கருணையையும் உடன் கொணர்ந்திருக்க வேண்டாவா? 1947ஆம் ஆண்டு சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டம் கோயிற் கதவுகளையும் திறந்தது. இன்று தேர்வடம் பற்றும் கைகளின் குலத்தை எவரும் வினவுவதில்லை. ஐப்பசிக் கடைசியில் மும்பையினின்றும் தில்லியினின்றும் வந்திறங்குவோரைப் புகைவண்டி நிலையத்தில் பணிபுரியும் எம் போன்றோர் ஆண்டுதோறும் காண்கின்றோம். அவர்கள் தேடி வரும் தேர், எல்லோரும் இழுக்கும் தேராய் இருப்பதே அதன் பெருமை.

இரண்டாவது, சித்தூரின் கொங்கன்படை. மாசித் திங்களில், மலையாளத்துக் கும்ப மாதத்தில், நிகழ்வது. கொங்கு மன்னன் ஒருவன் படையெடுத்து வந்தான் என்றும், பகவதியே களம் புகுந்து அவனை வீழ்த்தினாள் என்றும் வழிவழிச் செய்தி. விழாவில் கொங்கனின் போர் ஓலை படிக்கப்படும்; போர் நடிக்கப்படும்; கொங்கன் தோற்பான். ஸ்பெயின் நாட்டு ஆல்கோய் நகரில் 1276ஆம் ஆண்டுப் போரை நினைந்து ஏப்ரல்தோறும் இதனையொத்த விழா நடைபெறுகின்றது. ஆங்கும் தூதன் வருவான்; சரணடையக் கேட்பான்; போர் மூளும். பகையை மறவாது, ஆயின் குருதியின்றி நினைவுகூர மாந்தர் கண்ட வழி இது. கொங்கு நாட்டினின்று சென்று குடியேறிய தமிழரும் சித்தூர்ப் பக்கத்தில் வாழ்கின்றனர். அண்டை வீட்டாராய்விட்ட இருவரிடையே பழம்பகை கூத்தாய் மாறியதன்றோ உண்மையான வெற்றி!

மூன்றாவது, சித்திரை முழுமதி நாளில் மங்கலதேவி மலையில் நிகழும் கண்ணகி விழா. குமுளிக்கு அண்மையில், பெரியாறு புலிகள் காப்பகக் காட்டினுள், 1,300 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் அக்கற்கோயில் சிதைந்து நிற்கின்றது. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்ததைச் சிலப்பதிகாரம் செப்பும். அக்கோயில் இதுவே என்பது 1960களில் ஆய்ந்துரைத்த பேராசிரியர் சி. கோவிந்தராசனாரின் கருத்து. 1956ஆம் ஆண்டு மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. எல்லைப் பூசல் இக்கோயிலையும் தொட்டது. எனினும் ஆண்டில் அந்த ஒரு நாள், தேனி, இடுக்கி ஆகிய இரு மாவட்ட நிர்வாகங்களும் கூடி வழி திறக்கின்றன. குமுளியிலிருந்து ஜீப்பிலும், தமிழகப் பக்கத்துப் பளியங்குடியிலிருந்து கால்நடையாகவும் மக்கள் ஏறுகின்றனர். தமிழ் முறையிலும் மலையாள முறையிலும் பூசை நிகழ்கின்றது. மாலையில் அனைவரும் இறங்கிவிட வேண்டும். பின்னர் காடு விலங்குகளுக்கே உரியது. கோயில் எவருடையது என்னும் வழக்கு ஓயாதிருப்பினும் வழிபாடு நின்றபாடில்லை.

ஐப்பசியில் ஊர் நினைவு. மாசியில் போர் நினைவு. சித்திரையில் அறத்தின் நினைவு. மூன்றும் எல்லையில் வாழ்வோர் தமக்குள் வகுத்துக்கொண்ட வாழ்க்கை முறைகளே. நம் சங்கத்தின் ஆண்டு விழாவும் அத்தகையதே. மொழியையும் நாளையும் மறவாது காப்போம். அடுத்த வீட்டாரையும் அழைத்து வடத்தில் ஓரிடம் நல்குவோம். பலர் கை கூடினால்தான் தேர் நிலை சேரும்.