வீடியோ கேம் அடிமைத்தனம்: உளவியல் ஆய்வுகள்

வீடியோ கேம் ஆடுவதைக் கட்டுப்படுத்த முடியாமல் போவது, மற்ற வேலைகளையெல்லாம் அது பின்னுக்குத் தள்ளுவது, கேடு விளைவது தெரிந்தும் விட முடியாமல் தொடர்வது: இம்மூன்றும் சேர்ந்த நிலையே வீடியோ கேம் அடிமைத்தனம். உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 தரும் விளக்கம் இது. பொதுவாகப் பன்னிரண்டு மாதங்களாவது இந்நிலை நீடிக்க வேண்டும். இத்தனை மணி நேரம் ஆடினால் நோய் என்ற கணக்கு அதில் இல்லை.

தொடக்கக் கால ஆய்வுகள் பல, சூதாட்ட அடிமைகளுக்கான வினாத்தாளையே சற்று மாற்றிப் பயன்படுத்தின. அதில் சிக்கல் இருந்தது. எந்நேரமும் விளையாட்டு நினைப்பாக இருப்பவர் வெறும் ரசிகராகவும் இருக்கலாம். ஆய்வாளர்கள் ஜான் சார்ல்டன், இயன் டான்ஃபோர்த் இருவரும் 'ஆஷரான்ஸ் கால்' என்ற இணைய விளையாட்டை ஆடுவோரிடம் நடத்திய ஆய்வு 2007இல் வெளிவந்தது. விளையாட்டு நினைப்பும் குதூகலமும் தீவிர ஈடுபாட்டிலும் காணப்படுபவை. மற்றவர்களோடு மோதல், நிறுத்தினால் தவிப்பு, விட்ட பழக்கத்துக்கே திரும்புதல் போன்றவைதான் அடிமைத்தனத்தைப் பிரித்துக் காட்டுபவை என்றது அது.

அளவுகோலுக்கு ஏற்ப எண்ணிக்கையும் மாறியது. அமெரிக்காவில் 8 முதல் 18 வயது வரையுள்ள, கேம் ஆடும் பிள்ளைகளில் சுமார் 8 விழுக்காட்டினருக்கு இந்தப் பாதிப்பு இருப்பதாக ஆய்வாளர் டக்ளஸ் ஜென்டைல் 2009இல் எழுதினார். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் டிஎஸ்எம்-5 கையேட்டில், மேலும் ஆராய வேண்டியவை என்ற பகுதியில் இந்நிலைக்கான ஒன்பது அறிகுறிகளைப் பட்டியலிட்டது. ஓராண்டுக்குள் அவற்றில் குறைந்தது ஐந்து தென்பட வேண்டும். அந்த அறிகுறிகளை வைத்து ஆய்வாளர் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி குழுவினர் நான்கு நாடுகளில் பெரியவர்களிடம் ஆய்ந்து, 2017இல் தந்த கணக்கு 0.3 முதல் 1 விழுக்காடு மட்டுமே.

காரணம் எது, விளைவு எது?

சிங்கப்பூரில் 3,000க்கும் மேற்பட்ட மாணவர்களை ஜென்டைல் குழு இரண்டாண்டு தொடர்ந்து கவனித்தது. உந்துதலை அடக்க இயலாமையும் பிறரோடு பழகும் திறன் குறைவும் அடிமைத்தனத்துக்கு முன்பே இருந்தன. மனச்சோர்வும் பதற்றமும் மதிப்பெண் சரிவும் பின்னால் வந்தன.

விளையாட்டு நிறுவனங்களின் பதிவுகளைக் கொண்டு சுமார் 39,000 பேரை ஆராய்ந்த 2022ஆம் ஆண்டு ஆய்வில், ஆடும் நேரத்துக்கும் மனநலத்துக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு தென்படவில்லை. விரும்பி ஆடுகிறாரா, ஆடியே தீர வேண்டிய நெருக்கடியில் ஆடுகிறாரா என்பதே மனநலத்தோடு தொடர்புடையதாக இருந்தது.

சட்டத்தால் கட்டுப்படுத்தும் முயற்சியும் நடந்தது. தென்கொரியா 2011இல், 16 வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணைய விளையாட்டு ஆடத் தடை விதித்தது. 2022 தொடக்கத்தில் அத்தடை நீங்கியது. பெற்றோரோ பிள்ளையோ கேட்டுக்கொண்டால் மட்டும் நேரத்தை வரையறுக்கும் முறை நீடிக்கிறது.