மேடையொளியும் பருவமும்: ஒரு வரலாற்று நோக்கு

நாடக வரலாற்றை எழுதுவோர் பனுவலுக்கும் நடிப்புக்கும் தரும் இடத்தை ஒளியமைப்புக்குத் தருவதில்லை. ஆயினும் மேடையில் காலத்தையும் இடத்தையும் உணர்த்துவதில் ஒளிக்குப் பெரும் பங்குண்டு. அப்பங்கு ஐரோப்பிய மேடையில் எவ்வாறு உருப்பெற்றது என்பதையும், தமிழ்ப் பாடல்களை மேடையேற்றும் நமக்கு அது எழுப்பும் வினாவையும் இங்கு நோக்குவோம்.

18ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய அரங்குகளில் மெழுகுவத்தியும் எண்ணெய் விளக்குமே எரிந்தன. நடிகரைக் காணச் செய்வதே அவற்றின் முதன்மைப் பணி. இடத்தைத் தீட்டிய திரைகள் உணர்த்தின. 1771இல் லண்டனுக்கு வந்த ஓவியர் லூத்தர்பூர்க், நடிகர் கேரிக்கின் டுரூரி லேன் அரங்கில் இந்நிலையை மாற்றினார். 1773இல் அரங்கேறிய 'கிறிஸ்துமஸ் கதை' நாடகத்தில் காட்டின் இலைகள் பச்சையிலிருந்து குருதிச் சிவப்பாக மாறின. வண்ணப் பட்டுத் திரைகளைச் சுழலும் அச்சில் பொருத்தி, பின்னால் விளக்கேற்றி இவ்விளைவை அவர் உண்டாக்கினார். காட்சித் திரையை மாற்றாமலே காட்டின் தோற்றம் மாறியது என்பதே இதன் சிறப்பு.

1781இல் அவர் அமைத்த 'ஐடோஃபியூசிகான்' என்னும் சிற்றரங்கில் நடிகரே இல்லை. வண்ணக் கண்ணாடியூடே வந்த ஒளி, லண்டனின் விடியலையும், டாஞ்சியரின் நண்பகலையும், நேப்பிள்ஸ் அருகே அந்தி மறைவையும் காட்டியது. ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பொழுதை அவர் இணைத்தமை, நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகச் சேர்த்துரைத்த தொல்காப்பியத்தை அறிந்தோர்க்கு வியப்பளிக்கும்.

1817இல் லண்டனின் பேரரங்குகளுக்கு எரிவாயு விளக்கும், 1881இல் சவாய் அரங்குக்கு மின்விளக்கும் வந்தன. ஒளி மிகுந்தபோது தீட்டிய திரையின் பொய்ம்மையும் வெளிப்பட்டது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த அடால்ஃப் அப்பியா (1862-1928) இதனை வன்மையாகச் சுட்டினார். காட்டைத் தீட்டிக் காட்ட வேண்டியதில்லை. காட்டின் சூழலில் நிற்கும் மனிதனைக் காட்டினாலே போதும். அசையும் இலைநிழல் அவன்மீது விழுந்தால் காடு தோன்றிவிடும் என்பது அவர் கருத்து. 1932இல் அமெரிக்காவின் மெக்கேண்ட்லெஸ், நடிகரின் ஒருபுறம் வெம்மை நிறமும் மறுபுறம் தண்மை நிறமும் பாய்ச்சும் முறையை நூலாக வகுத்தார். இம்முறை பின்னர் ஒளியமைப்புப் பயிற்சியின் அடிப்படைகளுள் ஒன்றாயிற்று.

இங்குதான் நம் வினா எழுகிறது. இலையுதிர் காலத்துக்குச் செம்மஞ்சள், குளிர்காலத்துக்கு நீலம் என்னும் வழக்குகள் நான்கு பருவ நிலத்தில் பிறந்தவை. தமிழ் மரபோ ஆறு பெரும்பொழுதுகளைக் கொண்டது. முல்லைப் பாடல்களில் கார்காலம் தலைவன் திரும்புவதாகச் சொல்லிச் சென்ற பருவம். இருண்ட மேகம் அங்கே நம்பிக்கைக்கும் ஏக்கத்துக்கும் உரியது. அக்காட்சிக்குத் துயரின் அடையாளமாகப் பழகிய மங்கிய நீலத்தை மட்டும் இட்டால் பாடலின் பொருளே திரியும். பாலையின் வேனிலுக்கு இதமான செம்மஞ்சள் பொருந்தாது. நிழலைச் சுருக்கும் உச்சி வெள்ளொளியே பொருந்தும்.

பனியையும் இலையுதிர்வையும் காணாத மலேசிய, சிங்கப்பூர் மாணவர்க்கு இவ்வேறுபாட்டைச் சொல்லித் தருதல் மிகவும் தேவையாகிறது. ஆசிரியர் வண்ணத்தாளைத் தேர்வதற்கு முன், பாடலின் பெரும்பொழுது எது, சிறுபொழுது எது, அப்பொழுதில் பேசுவோர் காத்திருக்கிறாரா, பிரிகிறாரா என மாணவரைக் கேட்கலாம். தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கு நிறுத்தப்பட்டதைச் சிலப்பதிகார அரங்கேற்று காதை கூறுகிறது. ஒளியின் இடத்தை அன்றே எண்ணிப் பார்த்தவர் நம் முன்னோர். ஒளியின் நிறத்தைப் பாடலிலிருந்தே கண்டறியும் பணியை நம் வகுப்பறைகளில் தொடங்கலாம் எனக் கருதுகிறோம்.