ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்கு ரெண்டாவது வைடு லென்ஸ் வாங்கப் போறீங்களா? கொஞ்சம் பொறுங்க!

போனில் கேமராவைத் திறந்தால் கீழே 0.5, 1, 2 என்று குட்டிக் குட்டி வட்டங்கள் தெரியும். அதில் 1-ஐத் தொட்டால் கிடைப்பது, பெரும்பாலான போன்களில், ஃபிலிம் கேமரா கணக்குப்படி 24 முதல் 26 எம்.எம். லென்ஸின் பார்வை. ஐபோன்களில் அந்த 0.5 என்பது 13 எம்.எம். ஆக, 'வைடு ஆங்கிளா... அதெல்லாம் எனக்குத் தெரியாதே' என்று நீங்கள் சொல்லவே முடியாது. தினமும் அதில்தான் டீக்கடையையும் பூனையையும் எடுத்துக்கிட்டு இருக்கீங்க.

என்ன வித்தியாசம் என்றால், போனில் ஒரு தட்டில் மாறுகிற பார்வை, ஃபிலிம் ரேஞ்ச்ஃபைண்டரில் ஒவ்வொன்றும் தனி லென்ஸ், தனி பில். லைக்காவின் புது வைடு லென்ஸ் ஒன்றுக்குக் கொடுக்கிற காசில் நல்ல பைக்கே வாங்கிவிடலாம். ஃபோக்லேண்டர், ஸைஸ் லென்ஸ்கள் அதைவிடக் குறைந்த விலைதான், ஆனாலும் சம்பளம் வாங்கி மாசக்கணக்கில் சேர்த்தால்தான் முடியும். அதனால், முதல் லென்ஸை விட இரண்டாவது லென்ஸை வாங்கும்போதுதான் அதிகம் யோசிக்கணும். முதல் லென்ஸ் செய்கிற அதே வேலையை ரெண்டாவதும் செய்தால், ஒன்று பீரோவிலேயே தூங்கும்.

பேச்சுக்கு ஒரு கேமராவை வைத்துக்கொள்வோம். லைக்கா எம்6. 1984-ல் வந்தது, நடுவில் நின்றுபோய் 2022-ல் மறுபடியும் புதிதாக விற்பனைக்கு வந்தது. ஃபிலிம் பக்கம் வருகிற இளசுகள் பலரின் கனவு இதுதான். உங்களிடம் இருப்பது வேறு மாடல் என்றாலும் கணக்கு ஏறக்குறைய இதேதான்.

ஜன்னல் வழியே பார்க்கும் கேமரா

ரேஞ்ச்ஃபைண்டரில் நீங்கள் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. பக்கத்தில் இருக்கிற ஒரு கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்க்கிறீர்கள். எந்த லென்ஸை மாட்டினாலும் அந்த ஜன்னல் காட்டும் காட்சி மாறாது. உள்ளே தெரிகிற வெள்ளைக் கோடுகள்தான் மாறும். 'இந்தக் கட்டத்துக்குள் இருப்பதுதான் ஃபிலிமில் விழும்' என்று அந்தக் கோடு சொல்கிறது.

வைடு லென்ஸ் விஷயத்தில் முதல் சிக்கலே இங்கேதான். 1954-ல் வந்த எம்3-ல் 50, 90, 135 எம்.எம். கோடுகள் மட்டும்தான். 35-க்கே கோடு கிடையாது. அதற்குப் பிறகு வந்த எம்2-ல் 35 சேர்ந்தது. 28-க்கான கோடு 1980-களின் தொடக்கத்தில் எம்4-பி மாடலில்தான் வந்தது. எம்6-ல் 28, 35, 50, 75, 90, 135 என்று ஆறு கோடுகள், இரண்டிரண்டாகத் தெரியும். 28-ஐத் தாண்டி 25, 24, 21 என்று போனால் கோடு இல்லை. ஃபிளாஷ் மாட்டுகிற இடத்தில் தனியாக ஒரு குட்டி வ்யூஃபைண்டரை வாங்கிச் செருகணும். அதன் விலையையும் லென்ஸ் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். பலரும் மறந்துவிட்டு அப்புறம் முழிப்பது இதில்தான்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. காசினா நிறுவனம் ஃபோக்லேண்டர் பெயரில் விட்ட பெஸ்ஸா ஆர்4 கேமராக்களில் 21 வரைக்கும் உள்ளேயே கோடு இருக்கும். வைடு பைத்தியங்களுக்காகவே செய்த கேமரா அது.

கண்ணாடி போடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சாதாரண எம்6-ன் வ்யூஃபைண்டர் 0.72 மடங்கு உருப்பெருக்கம் கொண்டது. அதில் 28 கோடு ஜன்னலின் ஓரத்திலேயே இருக்கும். கண்ணாடியோடு பார்த்தால் நான்கு மூலைகளையும் ஒரே பார்வையில் பிடிக்க முடியாது, கண்ணை உருட்டிக்கிட்டே இருக்கணும். நான் சோடாபுட்டி கேஸ் என்பதால் அனுபவித்தே சொல்கிறேன். 28-தான் வேண்டும் என்றால் அதற்கும் ஒரு வெளி வ்யூஃபைண்டர் வைத்துக்கொள்வது பாவமில்லை.

மூணு மீட்டர் கணக்கு

63 டிகிரி, 75 டிகிரி என்று கோணத்தைச் சொன்னால் யாருக்கும் மனசில் நிற்காது. இப்படி யோசிங்க. ஒரு சுவருக்கு நேராக 3 மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள். கேமராவைப் படுக்கைவாக்கில் பிடிக்கிறீர்கள். 50 எம்.எம்.-ல் அந்தச் சுவரில் சுமார் 2.2 மீட்டர் அகலம் படத்தில் வரும். 35-ல் 3.1 மீட்டர். 28-ல் 3.9. 25-ல் 4.3. 21-ல் 5.1. 15 எம்.எம்.-க்குப் போனால் 7.2.

கணக்கு ரொம்ப எளிது. ஃபிலிமின் அகலம் 36 எம்.எம். அதை லென்ஸ் எண்ணால் வகுத்து, தூரத்தால் பெருக்கினால் முடிந்தது.

இப்போது பாருங்கள். 35-லிருந்து 28-க்குப் போனால் கூடுவது 80 சென்டிமீட்டர்தான். ரெண்டரை அடி பின்னால் நகர்ந்தாலே அந்த அகலம் கிடைத்துவிடும். 35-லிருந்து 21-க்குப் போனால் இரண்டு மீட்டர் கூடுகிறது. அதற்குச் சுமார் ஆறரை அடி பின்னால் போகணும். ஒரு சின்ன ஹாலில் அந்த ஆறரை அடி இருக்காது, சுவர் இருக்கும்.

அதனால்தான் 35-ம் 28-ம் சேர்த்து வாங்காதீர்கள் என்கிறேன். இரண்டும் அருமையான லென்ஸ்கள், ஆனால் ஒரே வீட்டில் இருக்க வேண்டியவை அல்ல. ஒன்றை விட்டு ஒன்று தாண்டுவதுதான் நல்ல ஜோடி. உங்களிடம் 35 இருந்தால் 21. 50-ல் எடுத்துப் பழகியவர் என்றால் 28. 28-தான் உங்கள் தினசரி லென்ஸ் என்றால், அதைவிட வைடாக ஒன்றைத் தேடுவதற்கு முன், 50 ஒன்று தேவைப்படுகிறதா என்று கேட்டுப்பாருங்கள். 28-க்கும் 21-க்கும் நடுவே இடைவெளி இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அந்த இடைவெளி ஒரு லென்ஸின் விலைக்கு ஈடாகுமா என்பதில் எனக்குச் சந்தேகம். 28-காரருக்கு உண்மையாகவே இன்னும் வைடு வேண்டும் என்றால் 18 அல்லது 15 வரை போய்விடலாம்.

24, 25 எம்.எம்.? 35-க்குத் துணையாக நன்றாகவே பொருந்தும். 21 அளவுக்கு முகங்களை இழுக்காது. ஆனால் இதற்கும் வெளி வ்யூஃபைண்டர் வேணுமே! அந்தத் தொல்லையை ஏற்கெனவே தலையில் ஏற்றிக்கொள்கிறோம் என்றால் 21-க்கே போய்விடலாம் என்பது என் கட்சி. எதிர்க்கட்சிக்காரர்களும் நிறைய இருக்கிறார்கள்.

ஒரே லென்ஸோடு வாழ்ந்தவர்களும் உண்டு. நியூயார்க் தெருக்களை எடுத்துத் தள்ளிய கேரி வினோகிராண்ட், லைக்கா எம்4-ல் பெரும்பாலும் 28-ஐத்தான் மாட்டியிருந்தார். 1984-ல் அவர் இறந்தபோது கழுவாத ரோல்களே 2,500-க்கும் மேல் மிச்சம் இருந்தன. ஆன்றி கார்ட்டியே ப்ரெஸ்ஸோனுக்கு 50. ரெண்டாவது லென்ஸ் உங்களுக்கு அவசியமே இல்லாமலும் இருக்கலாம்.

காசு செலவழிக்காமல் டெஸ்ட் பண்ணலாம்

எம்6-ன் முன்பக்கம், லென்ஸுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். அதைத் தள்ளினால், மாட்டியிருக்கிற லென்ஸ் எதுவானாலும், மற்ற லென்ஸ்களின் கோடுகள் ஜன்னலில் தெரியும். ஒரு வாரம் 35 மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு படம் எடுக்கும் முன்பும் அதைத் தள்ளி 28 கோட்டைப் பாருங்கள். 'அட, அதுவும் உள்ளே வந்திருக்கலாமே' என்று எத்தனை முறை தோன்றுகிறது?

கேமரா இன்னும் கைக்கு வரலையா? போனே போதும். ஐபோன் 15 ப்ரோவில் 1எக்ஸ் பட்டனைத் தட்டிக்கிட்டே இருந்தால் 24, 28, 35 என மூன்று அளவுகள் மாறும். ஒவ்வொன்றிலும் ஒரு நாள் மட்டும் எடுத்துப்பாருங்கள். மற்ற போன் வைத்திருப்பவர்கள் கேலரியைத் திறந்து, 0.5-ல் எத்தனை படம், 2-ல் எத்தனை படம் என்று எண்ணுங்கள். 0.5-ஐ வீடு, கோயில் தூண், நண்பர்கள் கும்பல் என்று அடிக்கடி தொடுபவர் என்றால் 21 உங்களுக்கு ஒத்துவரும். தொட்டதே இல்லை என்றால் 21 வாங்கி என்ன பண்ணப் போறீங்க?

21-ன் குணம் அப்படி

நண்பரிடம் ஓசி வாங்கிய 21-ஐ ஒரு குடும்ப விசேஷத்துக்கு எடுத்துப் போனேன். எல்லாரும் ஒரே ஃப்ரேமில் வந்துட்டாங்க என்று ஒரே குஷி. ரோலைக் கழுவி ஸ்கேன் பண்ணி அனுப்பினதும் சித்தியிடமிருந்து போன். "ஏன்டி, எனக்கு மட்டும் தலை பூசணிக்கா மாதிரி இருக்கு?" அவர் வரிசையின் கடைசியில், ஃப்ரேமின் விளிம்பில் நின்றிருந்தார். இந்த அளவு வைடில் ஓரத்தில் இருப்பது எதுவானாலும் வெளிப்பக்கமாக இழுபடும். லென்ஸ் மட்டமானதால் அல்ல. அவ்வளவு அகலமான காட்சியைத் தட்டையான ஃபிலிமில் விரித்தால் அப்படித்தான் ஆகும். ஆட்களை நடுவில் வையுங்கள், ஓரத்தைச் சுவருக்கும் வானத்துக்கும் கொடுங்கள். கேமராவை மேலேயோ கீழேயோ சாய்க்காமல் பிடிங்க. சாய்த்தால் கட்டடங்கள் சரியும்.

அதே சமயம், 21-ல் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. எஃப் 8-ல் வைத்து, ஃபோகஸை 1.8 மீட்டரில் நிறுத்தினால், சுமார் 90 சென்டிமீட்டர் தொடங்கி கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாம் தெளிவாக வரும். அதாவது, ஒரு ஜன்னலில் ஃபோகஸ் பண்ணி இன்னொரு ஜன்னலில் ஃப்ரேம் பார்க்கிற வேலையே பகலில் தேவையில்லை. 35-ல் இதே எஃப் 8-க்கு 5.1 மீட்டரில் வைத்தால், கிட்டத்தட்ட இரண்டரை மீட்டருக்கு அப்பால்தான் தெளிவு. 28-ல் 3.3 மீட்டரில் வைத்தால் 1.6-லிருந்து.

இன்னொன்று, லென்ஸ் வழியாகப் பார்க்காததால், லென்ஸ் மூடியைக் கழற்றாமலேயே படம் எடுக்கலாம். எடுத்திருக்கிறேன். ஏழு ஃப்ரேம்.

எஃப் எவ்வளவு வேணும்?

இரண்டு லென்ஸும் எஃப் 1.4, எஃப் 2 என்று வெளிச்சம் குடிக்கிறதாக இருக்க வேண்டிய அவசியமில்லை. தினசரி லென்ஸ் எஃப் 2 இருந்தால் சாயங்காலத்துக்கும் வீட்டுக்குள்ளும் அது பார்த்துக்கொள்ளும். வைடு, எஃப் 4 போதும். ரேஞ்ச்ஃபைண்டரில் கண்ணாடி மேலே எகிறுகிற அதிர்வு இல்லை என்பதால், 21-ஐ 1/15 நொடியிலும் கையில் பிடித்து எடுக்கலாம். ஆடாமல் நிற்கிற காட்சியாக இருக்கணும், அவ்வளவுதான். பெரிய லென்ஸுக்கு வேறொரு கெட்ட பழக்கமும் உண்டு. அதன் உடம்பே வ்யூஃபைண்டரின் மூலையை மறைக்கும்.

ஃபோக்லேண்டரின் 21 எஃப் 4 கலர் ஸ்கோபார், 35 எஃப் 2.5 கலர் ஸ்கோபார் ஜோடியை எனக்குப் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டும் பிஸ்கட் சைஸ், இரண்டுக்கும் 39 எம்.எம். ஃபில்டர். கறுப்பு வெள்ளை எடுப்பவர்கள் ஒரே மஞ்சள் ஃபில்டரை மாற்றி மாற்றிப் போடலாம். ஸைஸில் 21, 25, 28 மூன்று பயோகான்களும் எஃப் 2.8 என்றால் 46 எம்.எம். ஃபில்டர். 35 எஃப் 2-க்கு 43. கவனித்து வாங்குங்கள்.

ஃபிலிம்காரர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம். உள்ளே கண்ணாடி இல்லாததால் லென்ஸின் பின்பகுதி ஃபிலிமுக்கு மிக அருகே போக முடியும். பழைய வைடுகளில் கோடுகள் வளையாமல் நேராக வருவது அதனால்தான். இதே லென்ஸ்களை டிஜிட்டலில் போட்டால் ஓரங்களில் நிறம் மாறும். ஃபிலிமில் அந்தப் பிரச்னை கிடையாது. ஓரங்கள் இருட்டாவது மட்டும் இருக்கும். அப்படிப்பட்ட 21-ல் மூலைகளில் சுமார் இரண்டு ஸ்டாப் வரை குறையலாம். நெகட்டிவ் ஃபிலிம் தாங்கிக்கொள்ளும், ஸ்லைடு ஃபிலிமில் பளிச்சென்று தெரியும்.

ஆனால் பின்பகுதி ரொம்ப உள்ளே போனால் வேறு வம்பு. லைக்காவின் பழைய 21 சூப்பர் ஆங்குலானை எம்6-ல் மாட்டினால், கேமராவின் மீட்டர் சரியாக வேலை செய்யாது. வெளிச்சம் அளக்கிற வழியை லென்ஸே அடைத்துவிடும். விலை குறைவாகக் கிடைக்கிற ரஷ்ய ஜூபிடர் 12 லென்ஸும் பின்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும்; உங்கள் கேமராவுக்குள் இடிக்காமல் போகுமா என்று பார்க்காமல் மாட்டவே மாட்டாதீர்கள். அது 39 எம்.எம். திருகு மரை லென்ஸ் என்பதால் எம்6-க்கு அடாப்டரும் வேண்டும். அடாப்டரிலும் மூன்று வகை. 35 லென்ஸுக்கு 35/135 வகையை வாங்கினால்தான் ஜன்னலில் சரியான கோடு வரும்.

செகண்ட் ஹேண்ட் என்றால், எஃப் வளையத்தை முழுசாகத் திறந்து, போன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள். சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சை, பேரம் பேசவே வேண்டாம். சென்னை மாதிரி கடலோர ஊர்களில் இது சகஜம். பிறகு கேமராவில் மாட்டி, தூரத்தில் இருக்கிற ஒரு டவரைப் பார்த்து ஃபோகஸை முடிவிலியில் வையுங்கள். வ்யூஃபைண்டர் நடுவில் தெரிகிற இரண்டு பிம்பமும் அச்சாக ஒன்றன்மேல் ஒன்று உட்காரணும். அப்படியே ஃபோகஸ் வளையத்தைக் கடைசி வரை திருப்பி, குறைந்தபட்ச தூரம் 0.7 மீட்டரா, 1 மீட்டரா என்றும் பார்த்துவிடுங்கள். வைடு லென்ஸில் அந்த 30 சென்டிமீட்டர், மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகம் தெளிவாக வருவதற்கும் வராததற்கும் உள்ள தூரம்.